கழுதைக்குப் பெயர் இருந்தது

கனடா விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி, இதில் எந்தத் துண்டைச் சொல்லி உங்களைக் கூப்பிடலாம் என்று சிரித்தபடி கேட்டார். முழுவதையும் என்றேன். யோகாம்பிகை குமாரசிங்கம். நல்ல மனிதர். சலிக்காமல் முயன்றார், கடைசியில் ஏறக்குறையப் பிடித்தும் விட்டார். எனக்குப் பின்னால் வரிசை நெளிந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டுவந்த பெயரை வாசலிலேயே கழற்றி வைக்க எனக்கு மனமில்லை.

வெளியே சித்தியின் மகள் வாசுகி நின்றாள். பகலில் வங்கி வேலை, மிச்ச நேரமெல்லாம் நாடகம். பக்கத்தில் அவளுடைய கணவர் சிவநேசன், கையில் எனக்கென்று ஒரு தடித்த குளிர்ச்சட்டையோடு. சித்திரை பிறந்துவிட்டதே, இது எதற்கு என்று கேட்டேன். நிலையத்தின் வெளிக்கதவு திறந்ததும், கேட்டதற்காக வெட்கப்பட்டேன். ஊரில் இந்த மாதம் வேப்பம்பூ உதிரும். இங்கே பனி உதிர்ந்துகொண்டிருந்தது.

காரில் போகும்போது சிவநேசனுக்கு வேலையிடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஓம், ஸ்டீவ் பேசுறன் என்கிற மாதிரி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். நான் திரும்பிப் பார்த்த பார்வையில் மனிதர் அசடு வழிந்தார். "சிவநேசன் எண்டு சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவங்கட மத்தியானச் சாப்பாட்டு நேரம் முடிஞ்சிடும், மச்சாள்" என்றார். நான் பேச்சைப் பனிக்குத் திருப்பினேன். வந்த அன்றே சம்பந்தி வீட்டில் சண்டை பிடிக்கிற மாதிரி எதற்கு?

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் பள்ளிக்கூடத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். கூத்துப் பழக்குவேன், மத்தளம் அடிப்பேன். கூத்தைப் பழக்கி, மேடை ஓரத்தில் நின்று பாட்டை நடத்திக் கொடுக்கிறவருக்கு அண்ணாவியார் என்று பெயர். பெண் என்றால் என்ன சொல்லுவது என்று கேட்கிறவர்களுக்கும் அண்ணாவியார் என்றே பதில் சொல்வேன். வாசுகியின் குழு ஒரு கூத்துப் போடுகிறது, அதற்கு அண்ணாவியார் வேண்டும் என்றாள். அதுவும் ஒரு பழைய அமெரிக்கக் கதையை வைத்து, சீனரும் தமிழரும் சேர்ந்து பார்க்க. பைத்தியம் பிடித்தவளோடு பேசுகிறேனோ என்று எனக்குத் தோன்றியது. அதனால்தான் உடனே சம்மதித்தேன்.

வாசுகியின் வீடு மில்லிக்கன் என்கிற புறநகர்ப் பகுதியில் இருக்கிறது. ஒரே மாதிரி வீடுகள், முன்னால் ஒரே மாதிரி கார்கள். நடந்து போகிறவர் நான் ஒருத்திதான். கடைத்தொகுதிகளில் ஒரு பக்கம் எங்கள் ஆட்களின் ரோல்ஸும் இடியப்பமும், மறுபக்கம் கண்ணாடிக்குள் தலைகீழாகத் தொங்கும் பொரித்த வாத்துகள். முதல் நாள் காலை ஒரு சீன பேக்கரியில் அன்னாசிப் பன் என்று ஒன்று வாங்கித் தந்தாள். கடைசி விள்ளல் வரை தேடினேன், அன்னாசியைக் காணவில்லை. மேலே அன்னாசித் தோல்போல வெடித்த கோலத்துக்காக வைத்த பெயராம். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, எங்கள் ஊர் வெதுப்பகத்துச் சீனிப் பணிஸை நினைக்கவே விடாத சுவை. அடுத்த நாளும் அதையே கேட்டு வாங்கினேன்.

கதை இதுதான். கலிபோர்னியா மலைப்பக்கம் ஒரு தங்கச் சுரங்க முகாம். முதலாளி, கொல்லன், கூலிகள், சாமான் சுமக்க ஒரு கோவேறு கழுதை. இவர்களுக்குச் சமைத்துப் போட ஒரு சீனன். எல்லாரும் அவனை ஜோன் என்று கூப்பிடுகிறார்கள். அந்தக் காலத்தில் எந்தச் சீனரைக் கண்டாலும் வெள்ளைக்காரர் அப்படிக் கூப்பிடுவது வழக்கமாம். பனிப்புயலில் முகாம் மூடுண்டு போக, அவன்தான் தனியே இறங்கிப் போய் உதவி கொண்டுவருகிறான். அதற்குப் பிறகு கதையில் அவனைக் காணவில்லை. செத்தானா, ஊர் போய்ச் சேர்ந்தானா, எழுதினவருக்கு அக்கறை இல்லை. கழுதை மட்டும் கடைசிப் பக்கத்தில் ஆறுதலாகப் புல் மேய்கிறது.

வாசுகி அதே காலத்துக் கதைகள் இன்னும் சிலவற்றைத் தந்தாள். வெளியே பனி கொட்ட, உள்ளே போர்வைக்குள் இருந்து வாசித்தேன். சீனன் வந்தால் ஒன்றில் சட்டி கழுவுவான், அல்லது சட்டை தோய்ப்பான். சீட்டாட இருந்தால் சட்டைக் கைக்குள் ஒரு சீட்டு ஒளித்திருப்பான். அவன் முகத்தில் ஒன்றும் வாசிக்க முடியாது என்று எழுதியவர்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். வாசிக்கத் தெரியாதது யாருடைய குறை? பேசினால் கொச்சை, சிரித்தால் கள்ளம், பின்னல் மட்டும் எல்லாக் கதையிலும் ஒரே நீளம். நல்லவனாகக் காட்ட வேண்டும் என்று மினக்கெட்ட எழுத்தாளர்கூட, நல்ல நாயைப் புகழுகிற மாதிரித்தான் புகழுகிறார். மனுசி, பிள்ளை, கடன், கோபம் என்று ஒரு மனிதனுக்கு இருக்கிற எதுவும் அவனுக்கு இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. உடனே அம்மா சொன்னதும் ஞாபகம் வந்தது. அவருடைய சின்ன வயதில் எங்கள் ஊருக்கும் சைக்கிளில் துணிப்பொட்டலம் கட்டிக்கொண்டு ஒருவர் வருவாராம். ஊர் முழுக்க அவரிடம் துணி வாங்கியது. ஊர் முழுக்க அவரைச் சீனன் என்றே சொன்னது. எங்கள் பக்கமும் அவ்வளவு சுத்தம் இல்லை.

சனிக்கிழமை மேடையேற்றம். அந்த வாரத் தொடக்கத்தில் சமூக நிலைய மண்டபத்தில் முழு ஒத்திகை நடந்தது. சமையற்காரனாக வர இருந்தவர் வின்சன்ற். ஐம்பது தாண்டிய சீனர், இங்கேயே பிறந்தவர், வாசுகி வீட்டுக்குப் பக்கத்துக் கடைத்தொகுதியில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். வாசுகி ஒருநாள் மாத்திரை வாங்கப் போன இடத்தில் பிடித்துப் போட்ட நடிகர். என்னைக் கண்டதும் கைகூப்பி, "வணக்கம் அன்ரி. சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு நாளைக்கு ரெண்டு தரம்" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான், ஆனால் அதில் ஒரு பிழை பிடிக்க முடியாது. தன் அம்மா முதியோர் மதியச் சாப்பாட்டு மண்டபம் முழுக்க, மகன் தமிழரின் நாடகத்தில் நடிக்கிறான் என்று சொல்லி ஆள் சேர்த்துவிட்டார் என்றும், முன்வரிசை முழுக்க அவர்களுக்கே வேண்டும் என்றும் சொல்லிச் சிரித்தார்.

பிறகு உடுப்புக் கட்டினோம். அங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலை நடந்தது. பின்னல் வேண்டும் என்று யாரோ சொல்ல, இன்னொருத்தி தன் மகளின் பரதநாட்டியப் பெட்டியிலிருந்து சவுரியைக் கொண்டுவந்துவிட்டாள். பொய்முடிப் பின்னல், நுனியில் சிவப்பும் பொன்னுமாகக் குஞ்சம். வின்சன்ற் அதை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். சிரித்தார். பொறுமையாகக் கட்டவும் விட்டார்.

காட்சி தொடங்கியது. முதலாளி வேடத்தில் சிவநேசன். முதலாளி குடித்துவிட்டு, ஜோன், நீ ஆர், உன்ர ஊர் எது என்று கேட்கவேண்டும். சமையற்காரன் எதைக் கேட்டாலும் குனிந்து கும்பிட்டு, சோறு ரெடி முதலாளி என்று மட்டும் சொல்லவேண்டும். மூலக்கதையிலும் இந்தப் பகிடி இருக்கிறது. வின்சன்ற் குனிந்து சொன்னார். குஞ்சம் முன்னால் வந்து விழுந்தது. மண்டபத்தில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவர் நிமிர்ந்தார். சவுரியைக் கழற்றி, சிக்குப்படாமல் சுற்றி, கதிரையில் வைத்தார். வாசுகியிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னார். கைகூப்பி எனக்கும் விடைசொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

வின்சன்ற் இனி நடிக்க வரமாட்டாராம். வீட்டில் அன்று கொத்துரொட்டி ஆறிப் போனது. சிவநேசன் தன்னையே நொந்தார். வாசுகி மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. "பழைய கதையை உள்ளபடி காட்டினாத்தானே அக்கா அதின்ர குறை தெரியும். நல்லாக்கிக் காட்டினா அது பொய்" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சிரித்தவர்கள் குறையைக் கண்டு சிரிக்கவில்லை. அதையும் அவள் அறிவாள்.

அடுத்த நாள் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு மருந்துக்கடைக்குத் தனியே புறப்பட்டேன். கிட்டத்தான், பஸ்ஸில் கொஞ்சத் தூரம் என்று வாசுகி சொல்லியிருந்தாள். ஸ்டீல்ஸ் வீதியில் பஸ் ஏறினேன். எதிர்ப்பக்கம் ஏறிவிட்டேன் என்பது கடைகள் குறைந்து வெறுந்தரை தெரியத் தொடங்கியபோதுதான் விளங்கியது. பக்கத்தில் இருந்த சீன அம்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் பிடித்துவிட்டார். எங்களுக்குள் பொதுவாக ஒரு சொல் இல்லை. கையைப் பிடித்து இறக்கி, வீதியைக் கடக்கவைத்து, மறுபக்க பஸ் வரும்வரை என்னோடு நின்றார். போகும்போது தன் பையிலிருந்து ஒரு தோடம்பழம் தந்தார். அந்தப் பழைய எழுத்தாளர்களை வரிசையாக அந்தத் தரிப்பிடத்தில் நிறுத்தி, இந்த முகத்தை வாசியுங்கள் பார்ப்போம் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது.

வின்சன்ற் என்னைக் கண்டு ஆச்சரியப்படவில்லை. உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் தந்தார். என் ஆங்கிலம் பள்ளிக்கூட ஆங்கிலம், அதனால் அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். தனக்குக் கோபம் இல்லை என்றார். பள்ளிக்கூட வளவில் சக பிள்ளைகள் அந்தக் கதைக் கொச்சையில்தான் தன்னோடு பேசுவார்களாம். அவர்கள் அந்தக் கதைகளை வாசித்ததே இல்லை, ஆனாலும் அந்தக் கொச்சை எப்படியோ அவர்களிடம் வந்து சேர்ந்திருந்தது என்றார். அதெல்லாம் பழகிவிட்டது. பிரச்சினை அம்மா.

"என்ன வேடம் என்று அம்மா கேட்டார். சமையற்காரன் என்றேன். அவனுக்கு என்ன பெயர் என்று கேட்டார். வீட்டுக்கு வந்து கதையைத் திரும்பவும் முழுக்கத் தேடினேன். கழுதைக்குப் பெயர் இருக்கிறது. அவனுக்கு இல்லை. அம்மா தன் கூட்டாளிகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருக்கப்போகிறார். நான் யாராக வந்து நிற்பது?"

கழுதைக்குப் பெயர் இருந்ததை நானும் வாசித்தேன்தான். கூத்துப் பிரதியில் முதலாளிக்கு வரவுப் பாட்டு வைத்திருந்தோம், கொல்லனுக்கு வைத்திருந்தோம். கழுதைக்குக்கூட, அதைப் பிடித்து வருகிறவன் அதன் பெயர் சொல்லி இரண்டு அடி பாடுவான். சமையற்காரன் மட்டும் சட்டியோடு சும்மா உள்ளே வந்தான். அண்ணாவியார் என்று மார்தட்டுகிற நானும் அதைக் கவனிக்கவில்லை, மூலத்தில் இல்லாததால்.

வரவு என்றால் என்ன என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். கூத்தில் யாரும் சும்மா மேடைக்கு வந்துவிட முடியாது. அரசனோ, வாயிற்காவலனோ, வந்து ஆடி, நான் இன்னார், இந்த நாடு, இந்த ஊர், இன்ன வேலை என்று தானே பாடவேண்டும். அவன் பாடிய அடியை மேடை ஓரத்தில் நிற்கிற பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடவேண்டும். அதற்குப் பிறகுதான் கதையில் அவனுக்கு இடம். இதை எங்களுக்கு எந்த அமெரிக்கரும் சொல்லித் தரவில்லை என்று சொன்னபோது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. மருந்து வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எங்கள் சட்டப்படி நீங்கள் இன்னும் மேடைக்கு வரவே இல்லை, வராதவர் எப்படி விலகிப் போகலாம் என்றும் கேட்டேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு, தன் அம்மாவின் தாத்தா கனடாவின் மேற்குக் கரையில் மரம் வெட்டும் முகாம் ஒன்றில் சமையற்காரராக இருந்தவர் என்றார். கடைசிக் காலத்தில் சீனாவுக்கே திரும்பிப் போய்விட்டார். இவ்வளவுதான் தனக்குத் தெரியும், பெயரை அம்மாவிடம் கேட்கவேண்டும் என்றார்.

மறுநாள் மாலை ஒத்திகைக்கு வந்தார். பெயர் வொங் ஹொய் யுன். நாடு தொய்சான். ஊரின் பெயருக்கு ஆலமரத்தடி என்று பொருளாம். ஆலடி என்றேன். எங்கள் பக்கமும் எத்தனை ஆலடி இருக்கிறது. எதற்குக் கேட்கிறாய் என்று அம்மா துருவித் துருவிக் கேட்டும் அவர் சொல்லவில்லையாம். வரவுப் பாட்டைத் தன் தாய்மொழியிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார். என் மெட்டில் பாடிப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். அவர்கள் மொழியில் ஒரு சொல்லைத் தூக்கிச் சொன்னால் ஒரு பொருள், இறக்கிச் சொன்னால் வேறு பொருள். மெட்டுக்குச் சொல்லை வளைத்தே பழகிய நான், முதல்முறையாகச் சொல்லுக்கு மெட்டை வளைத்தேன். வியர்த்துவிட்டது. ஆனால் மத்தளத்தில் அது வந்து உட்கார்ந்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையை மறைக்க நான் முயலவில்லை. பிற்பாட்டுக்காரரும் அதைப் பாடிப் பழகினார்கள். சவுரி அதன் சொந்தக்காரியின் பெட்டிக்குத் திரும்பியது.

வாசுகி ஒரு நிபந்தனை வைத்தாள். ஜோன் என்று கூப்பிடுகிற இடமும், சோறு ரெடி என்கிற இடமும் அப்படியே இருக்கவேண்டும். கதை எழுதினவர் செய்ததை மறைக்கக்கூடாது என்றாள். வின்சன்ற் யோசித்துவிட்டு, இருக்கட்டும் என்றார். எனக்குத்தான் பயம். முன்வரிசையில் அந்த அம்மா இருக்க, சபை மறுபடியும் அதே சிரிப்புச் சிரித்தால் என்ன செய்வது?

சனிக்கிழமை சீன அயலவர்கள் அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கே வந்து அமர்ந்துவிட்டார்கள். எங்கள் ஆட்கள் எங்கள் ஆட்களுக்குரிய நேரத்துக்கு வந்தார்கள். மண்டபத்தில் நெருப்புக் கொளுத்தக்கூடாது என்ற விதி இருந்ததால், குத்துவிளக்கில் பற்றரித் திரிகள் வைத்து, ஆளுக்கொரு சுவிச்சை அமத்தி மங்கள விளக்கேற்றினோம். வின்சன்ற்றின் அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எண்பது தாண்டிய சிறிய உருவம், சிவப்புக் கம்பளிச் சட்டை. பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, பேச்சுகள் எப்போது முடியும் என்று பார்த்தபடி இருந்தார். அந்த விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஒரே மனம்.

முதலாளி வந்தார், பாடினார். கொல்லன் வந்தான். கழுதை வந்தது. பிறகு நான் மத்தளத்தை மாற்றி அடித்தேன். வின்சன்ற் தோளில் ஒரு துணி மட்டும் போட்டு, தலைநிமிர்ந்து, இரண்டு சுற்று ஆடி வந்து நடுவில் நின்று பாடினார். நான் வொங் ஹொய் யுன். நாங்கள் யாழ்ப்பாணத்து நாக்கால் அதைத் திருப்பிப் பாட, வாசுகி ஒவ்வொரு அடியின் பொருளையும் சபைக்குத் தமிழில் சொன்னாள். தொய்சான் நாடு, ஆலடி ஊர். திருப்பிப் பாடினோம். முகாமுக்குச் சமைக்க வந்தேன்.

நாங்கள் வாய் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அம்மா எழுந்து நின்றார். பொன்னாடை மடியிலிருந்து நழுவியது. மகனைப் பார்த்து உரத்த குரலில் நீளமாக ஏதோ சொன்னார். நான் மத்தளத்தில் கையை வைத்து நிறுத்தினேன். போச்சு என்றே நினைத்தேன்.

வின்சன்ற்றுக்கு முகம் மாறிப்போயிருந்தது. சபையைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார், வாசுகி பின்னாலேயே தமிழில் சொன்னாள். "அவர் சமையற்காரர் இல்லையாம். தச்சராம். இங்க ஒருத்தரும் அவருக்குத் தச்சு வேலை குடுக்காததால சமைச்சவராம். ஊருக்குத் திரும்பிப் போய் அவர் செய்த மரவாங்கில இருந்துதான் அம்மா சின்னனில சாப்பிட்டதாம். ஊர், பேர் எல்லாம் சொன்னனீ, அதையும் சொல்லு எண்டு அம்மா சொல்லுறா."

கூத்தில் வரவு பிழைத்தால் அண்ணாவியார் திருப்பிப் பாடவைக்கலாம். அது எங்கள் சட்டம். மத்தளத்தைத் திரும்பவும் தொடங்கினேன். வின்சன்ற் ஒரு சுற்று மறுபடி ஆடி வந்து, தன் மொழியில் தச்சன் என்கிற சொல்லைப் பாடினார். பழகாத சொல், நாங்கள் தட்டுத்தடுமாறித் திருப்பிப் பாடினோம். அம்மா தலையை ஆட்டிவிட்டு அமர்ந்தார். அந்த வரிசை முழுக்கக் கைதட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் கூத்துக்குப் பிறந்ததற்காக அவ்வளவு பெருமையாக இருந்தது.

கதை நடந்தது. குடித்த முதலாளியின் காட்சி வந்தது. சிவநேசன் தள்ளாடியபடி வந்து, முன்வரிசையைப் பார்த்து ஒரு கணம் தயங்கி, பிறகு சொல்லவேண்டியதைச் சொன்னார்.

"ஜோன், ஜோன், நீ ஆர், உன்ர ஊர் எது?"

வின்சன்ற் குனிந்து கும்பிட்டார். "சோறு ரெடி, முதலாளி."

யாரும் சிரிக்கவில்லை. அப்போது எங்கள் ஆட்கள் பக்கம், நடுவரிசையில், எனக்கு யாரென்றே தெரியாத ஒரு அன்ரி, மருமகளின் கையை உதறிவிட்டு எழுந்து நின்றார்.

"தம்பி முதலாளி, அவர் முன்னமே சொன்னவரல்லோ, உமக்குக் காது கேக்கேல்லையே? பேர் வொங் ஹொய் யுன். ஊர் ஆலடி. தச்சு வேலை."